வேகம் குறைந்த கேமிங் லேப்டாப்: முதலில் அளந்து பாருங்கள்

ஐந்தாறு வருடம் ஆன கேமிங் லேப்டாப்பைப் பற்றி வீட்டில் இரண்டு தீர்ப்புகள் இருக்கும். "இது அவ்ளோதான்ப்பா, புதுசு வாங்கணும்" என்பான் மகன். "அவ்ளோ காசு குடுத்து வாங்கினது அதுக்குள்ள எப்படிடா போகும்? கண்டதையும் ஏத்தி வச்சிருப்ப" என்பார் அப்பா. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் ஒருவர் ஆசையை வைத்தும் மற்றவர் செலவை வைத்தும் பேசுகிறார்கள். லேப்டாப்பை யாரும் கேட்கவில்லை. அது தன் நிலைமையை எண்களில் சொல்லக்கூடியது. அந்த எண்களை எப்படிப் படிப்பது, படித்த பின் எதற்குச் செலவழிப்பது, எதற்குச் செலவழிக்கக் கூடாது என்று பார்ப்போம்.

முதலில் ஒரு தப்பெண்ணம். சிப்புகளுக்கு வயதாகி வேகம் குறைந்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். நடைமுறையில் அப்படி இல்லை. 2019-ல் வாங்கிய பிராசசர், அன்று கிடைத்த மின்சாரமும் குளிர்ச்சியும் இன்றும் கிடைத்தால் அதே வேலையை அதே நேரத்தில் செய்து முடிக்கும். மாறுவதெல்லாம் அதைச் சுற்றி இருப்பவை. சிப்பின் மேல் பூசிய பேஸ்ட் காய்கிறது, தூசி அடைக்கிறது, பேட்டரி தளர்கிறது, டிஸ்க் நிறைகிறது, விண்டோஸ் கனக்கிறது. இதற்கெல்லாம் மேலாக, கேம்கள் பெரிதாகிக்கொண்டே போகின்றன. இவற்றில் பாதிக்கு மேல் சரிசெய்யக்கூடியவை. கடைசியாகச் சொன்னது மட்டும் நம் கையில் இல்லை.

குறிப்பாக ஒரு லேப்டாப்பை மனதில் வைத்துக்கொண்டு பேசுவது நல்லது. 2019, 2020 வாக்கில் இந்தியாவில் கல்லூரி மாணவர்கள் பலர் வாங்கிய அமைப்பு இது: இன்டெல் ஐ5 9300எச் பிராசசர், 4 ஜிபி மெமரியுடன் என்விடியா ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ், ஒரே ஸ்டிக்கில் 8 ஜிபி ரேம், பல மாடல்களில் 1 டிபி ஹார்ட் டிஸ்க். மூடியில் உள்ள பெயர் மாறும். உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். உங்களுடையது வேறு மாடலாக இருந்தாலும் கீழே வரும் காரணங்கள் பொருந்தும்.

"ஸ்லோ ஆயிடுச்சு" என்ற ஒரே புகாருக்குள் நாலைந்து தனித்தனிப் புகார்கள் இருக்கின்றன. ஆன் செய்தால் டெஸ்க்டாப் வரவே சில நிமிடம் ஆகிறது என்பது ஒன்று. கேம் நன்றாகத் தொடங்கி, கால் மணி நேரத்தில் ஃபேன் அலற, படம் திணற ஆரம்பிப்பது இன்னொன்று. நன்றாக ஓடிக்கொண்டே இருந்து, அவ்வப்போது அரை வினாடி உறைந்து நின்றுவிட்டு மறுபடி ஓடுவது வேறு. பழைய கேம்களெல்லாம் சரியாக இருக்க, புதிதாக வந்தது மட்டும் நகர மறுப்பது வேறு. நோட்பேடைத் திறந்தால்கூட ஊர்ந்து வருவது முற்றிலும் வேறு. ஒவ்வொன்றுக்கும் காரணம் தனி. முதலாவதற்குச் செய்ய வேண்டியதை இரண்டாவதற்குச் செய்தால் பணம்தான் போகும். "ரேம் போட்டும் ஒண்ணும் மாறலை" என்று புலம்புகிறவர்களில் பலர் இப்படித்தான் ஏமாந்திருப்பார்கள்.

எனவே அளப்பதுதான் முதல் வேலை. எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கி, அதன் சென்சார் பகுதியைத் திறந்துவைத்துவிட்டு, தொல்லை கொடுக்கும் கேமையே அரை மணி நேரம் ஆடுங்கள். தனியாக பெஞ்ச்மார்க் எதுவும் தேவையில்லை. ஆடிவிட்டு வந்து பார்த்தால் ஒவ்வொரு சென்சாருக்கும் குறைந்தபட்சம், அதிகபட்சம், சராசரி என்று வரிசையாக எண்கள் இருக்கும். பிராசசரின் வெப்பநிலை, அதன் கிகாஹெர்ட்ஸ் வேகம், கிராஃபிக்ஸ் சிப்பின் வெப்பநிலை, அது எத்தனை சதவீதம் உழைத்தது ஆகிய நான்கும் போதும். ஒரு தாளில் தேதி போட்டு எழுதி வையுங்கள், பின்னால் உதவும்.

இந்த நான்கு எண்களிலேயே பெரும்பாலான கதை வந்துவிடும். கிராஃபிக்ஸ் சிப் 97, 98 சதவீதம் உழைக்கிறது, வெப்பநிலை 75 டிகிரிக்கு அருகில் நிற்கிறது என்றால் லேப்டாப் முழு ஆரோக்கியத்தோடு இருக்கிறது. கேம்தான் அதன் சக்திக்கு மீறிக் கேட்கிறது. கிராஃபிக்ஸ் 50, 60 சதவீதத்திலேயே நிற்க, பிராசசர் மட்டும் மூச்சு வாங்குகிறது என்றால் பிராசசரோ ரேமோ பின்னால் இழுக்கிறது. பிராசசர் 95 டிகிரியைத் தாண்டி, 4 கிகாஹெர்ட்ஸ் இருந்த இடத்தில் இரண்டரைக்கு இறங்கியிருந்தால் பிரச்சினை சூடு. வெப்பநிலை சாதாரணமாக இருந்தும் வேகம் 0.8 கிகாஹெர்ட்ஸில் அசையாமல் நின்றால் சார்ஜர் பக்கம் பார்வையைத் திருப்ப வேண்டும்.

பழைய லேப்டாப்புகளில் சூடுதான் பெரிய குற்றவாளி என்பதால் அதை நிதானமாகப் பார்க்கலாம்.

9300எச் பிராசசரின் எல்லை 100 டிகிரி செல்சியஸ். அதை நெருங்கியதும் சிப் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைக்கும். இதைத்தான் தெர்மல் த்ராட்லிங் என்கிறார்கள். என்விடியாவின் லேப்டாப் சிப்புகளும் இப்படியே செய்யும். அவற்றின் எல்லை இன்னும் கீழே, பல மாடல்களில் 87 டிகிரி அருகே. த்ராட்லிங் என்பது பழுது கிடையாது. அது இல்லாவிட்டால் சிப் கருகிவிடும். சூட்டை வெளியேற்றும் வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது என்று லேப்டாப் தெரிவிப்பதாக அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த வழி அறைக் காற்றிலிருந்து தொடங்குகிறது. ஃபேன் அறையிலிருக்கும் காற்றை உறிஞ்சித்தான், சிப்பின் சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகமான ஹீட்சிங்க்கைக் குளிர்விக்கிறது. அறையைவிடக் குளிர்ந்த காற்றை அது எங்கிருந்தும் கொண்டுவர முடியாது. அறை பத்து டிகிரி சூடானால் உள்ளே இருப்பதும் ஏறக்குறைய பத்து டிகிரி சூடாகும். 24 டிகிரி ஏசி அறையில் 86-ல் நின்ற பிராசசர், அக்னி நட்சத்திர மதியத்தில் 36 டிகிரி மாடி அறையில் எல்லையை நெருங்கிவிடும். "மார்கழியில நல்லா ஓடுது, சித்திரையில செத்துடுது" என்றால் அந்த லேப்டாப்புக்கு ரிப்பேர் கிடையாது, வெயில் காலம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். இதனால்தான் முதல் தடவை அளக்கும்போது அறை வெப்பநிலையையும் குறித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மே மாத எண்ணையும் டிசம்பர் எண்ணையும் ஒப்பிட்டு, சர்வீஸ் செய்த கடைக்காரரைத் தேவையில்லாமல் பாராட்டுவோம், அல்லது திட்டுவோம்.

அடுத்து, லேப்டாப்பை எங்கே வைக்கிறோம் என்பது. பெரும்பாலான கேமிங் லேப்டாப்புகளில் காற்று உள்ளே போகும் துளைகள் அடிப்பக்கம் இருக்கின்றன. மெத்தையிலோ போர்வையிலோ வைத்தால் அவை அடைபட்டுப் போகும். மேசையில் வைத்து, பின்பக்கத்தை ஓரங்குலம் உயர்த்திக் கொடுத்தாலே சில டிகிரி இறங்கும். விலை கொடுத்து வாங்கும் கூலிங் பேடுகள் பல இந்த அளவுக்குத்தான் உதவுகின்றன. அவற்றின் நீல விளக்குகளால் எதுவும் குளிர்வதில்லை. முதலில் ஒரு மரச்சட்டத்தை வைத்து அளந்து பார்த்துவிட்டு, தேவையென்றால் பேட் வாங்கலாம்.

பிறகு தூசி. அடிமூடியைக் கழற்றினால் ஃபேன் இறக்கைகளில் படிந்த சாம்பல் நிறத் தூசிதான் முதலில் கண்ணில் படும். அதைத் துடைத்துவிட்டு மூடிவிடுகிறவர்கள் உண்டு. உண்மையான அடைப்பு இருக்கும் இடம் வேறு. ஃபேனிலிருந்து காற்று வெளியேறும் வாயில் மெல்லிய உலோகத் தகடுகள் சீப்புப் பற்கள் மாதிரி நெருக்கமாக நிற்கும். ஃபேனுக்கும் அந்தத் தகடுகளுக்கும் நடுவில், முடியும் பஞ்சும் தூசியும் சேர்ந்து கம்பளித் துண்டு போல ஒரு திரை உருவாகியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது. ஃபேன் கூட்டைக் கழற்றினால்தான் தெரியும். பல வருடம் திறக்காத லேப்டாப்பில் அதை இடுக்கியால் ஒரே துண்டாக உரித்து எடுக்க முடியும். அது இருக்கும்வரை ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் சத்தம்தான் கூடும், காற்று வெளியே வராது.

இந்த வேலையைச் செய்யும்போது சில ஒழுங்குகள் உண்டு. மூடியைத் திறந்ததும், வேறெதையும் தொடும் முன், பேட்டரியின் இணைப்பை போர்டிலிருந்து கழற்றிவிட வேண்டும். பிளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்று வேகத்தில் அது கண்டபடி சுற்றினால் பேரிங் கெடும். மூடியின் கொக்கிகளைப் பிரிக்க ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், பழைய பிளாஸ்டிக் அட்டை போதும். எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்தது என்று ஒரு காகிதத்தில் படம் வரைந்து, அந்தந்த இடத்தில் குத்திவைத்தால் பிறகு குழப்பம் வராது. நீளமான ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூ இருந்த இடத்தில் முறுக்கி போர்டைத் துளைத்த கதைகள் எல்லா சர்வீஸ் கடையிலும் கிடைக்கும்.

தூசியை எடுத்த பிறகும் சூடு இறங்கவில்லை என்றால் பேஸ்ட். லேப்டாப் சிப்பின் மேல் டெஸ்க்டாப்பில் இருப்பது போன்ற உலோக மூடி கிடையாது. கண்ணாடி போல வழுவழுக்கும் சிலிக்கானின் மேல் ஹீட்சிங்க்கின் செம்புத் தகடு நேராக உட்காருகிறது. இடையில் உள்ள மயிரிழை இடைவெளியை நிரப்புவதுதான் பேஸ்ட்டின் வேலை. ஒவ்வொரு முறை கேம் ஆடும்போதும் அந்த இடம் சூடாகி விரிகிறது, நிறுத்தினால் ஆறிச் சுருங்குகிறது. இப்படிப் பல நூறு முறை நடக்கையில் நடுவில் இருந்த பேஸ்ட் ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிடும். வருடக்கணக்கில் ஓடிய லேப்டாப்பைத் திறந்தால் சிப்பின் ஓரங்களில் பேஸ்ட் வரப்பு மாதிரி திரண்டிருக்கும். சூடு அதிகமாகப் பிறக்கும் நடுப்பகுதி ஏறக்குறைய வெறுமையாக இருக்கும்.

பழையதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதியதைப் பூச வேண்டும். ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களின் அருகே 1, 2, 3 என்று எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். திரும்ப முறுக்கும்போது அந்த வரிசையில், ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஒரு மூலையை மட்டும் இறுக்கினால் சிப்பின் விளிம்பு உடையலாம். மூடியில்லாத சிப்புகளுக்கு நீர்த்த பேஸ்ட்டைவிடக் கெட்டியானது நல்லது. மெல்லியது சீக்கிரமே ஓரத்துக்கு ஓடிவிடும். ஹனிவெல் நிறுவனத்தின் பிடிஎம்7950 போன்ற ஃபேஸ் சேஞ்ச் ஷீட்டுகள் இதற்கு இன்னும் பொருத்தம். அறை வெப்பத்தில் தகடாக இருக்கும் இவை 45 டிகிரி அளவில் இளகி இடைவெளியை நிரப்புகின்றன, எளிதில் வெளியே பிதுங்குவதில்லை. போலிகள் உலவுவதால் வாங்கும் இடம் பார்த்து வாங்க வேண்டும். லிக்விட் மெட்டல் போடுகிறோம் என்று யாராவது ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள். அது காலியம் கலந்த உலோகம். மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். ஒரு சொட்டு போர்டில் வழிந்தால் லேப்டாப்பே போய்விடும். சில விலை உயர்ந்த மாடல்களில் தொழிற்சாலையிலேயே தடுப்பு கட்டி அதைப் பயன்படுத்துகிறார்கள். அந்தத் தடுப்பு நம் லேப்டாப்பில் கிடையாது.

இன்னொன்றைப் பலரும் தவறவிடுகிறார்கள். கிராஃபிக்ஸ் மெமரியின் மேலும் மின்சாரத்தைப் பகிரும் பாகங்களின் மேலும் மெத்தென்ற தெர்மல் பேடுகள் ஒட்டியிருக்கும். கிழிந்திருந்தால் மாற்ற வேண்டும். ஆனால் தடிமன் துல்லியமாக அதுவாகவே இருக்க வேண்டும்: 0.5, 1, 1.5 மில்லிமீட்டர் என்று அளவுகள் உண்டு. 1 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் ஒன்றரையை வைத்தால் ஹீட்சிங்க் தூக்கிக்கொண்டு சிப்பின் மேல் சரியாகப் படியாது. புதிதாக பேஸ்ட் பூசிய பிறகு முன்பைவிட அதிகமாகச் சூடாகிறது என்று வரும் புகார்களில் இதையும் சரிபார்க்க வேண்டும்.

திறக்கவே பயமாக இருக்கிறது என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. விண்டோஸின் பழைய கண்ட்ரோல் பேனலில், பவர் ஆப்ஷன்ஸ் உள்ளே, பிராசசரின் அதிகபட்ச அளவு 100 சதவீதம் என்று இருக்கும். அதை 99 ஆக்கினால் டர்போ நின்றுவிடும், 9300எச் 4.1-க்குப் பாயாமல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அருகே அடங்கி ஓடும். பல மாடல்களில் பிராசசரும் கிராஃபிக்ஸும் ஒரே செம்புக் குழாய்களைப் பகிர்ந்துகொள்வதால், பிராசசர் அடங்கினால் கிராஃபிக்ஸுக்கும் குளிர்ச்சி கிடைக்கும். கிராஃபிக்ஸ் சிப்பை நம்பியிருக்கும் கேம்களில் இதனால் பெரிய இழப்பு தெரியாது. வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்று பிராசசரை நம்பியிருக்கும் கேம்களில் எஃப்பிஎஸ் (வினாடிக்கு வரும் ஃபிரேம்கள்) கண்டிப்பாகக் குறையும். எனவே கேமைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். பிராசசரின் வோல்டேஜைக் குறைக்கும் அண்டர்வோல்ட் முறையும் ஒரு காலத்தில் பிரபலம். 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறை வெளியான பிறகு பல நிறுவனங்கள் பயாஸ் அப்டேட் மூலம் அந்த வழியைப் பூட்டிவிட்டன. கிராஃபிக்ஸ் சிப்புக்கு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மூலம் இன்னும் செய்யலாம்.

இனி சார்ஜர். எல்லாமே ஊர்கிறது, சூடும் இல்லை, வேகம் 0.8 கிகாஹெர்ட்ஸைத் தாண்டவில்லை என்பது பார்ப்பவரைக் குழப்பியடிக்கும் பழுது. விண்டோஸை மாற்றிப் போட்டாலும் போகாது. சில நிறுவனங்களின் சார்ஜர் முனையில் மெல்லிய ஊசி ஒன்று நடுவில் இருக்கும். "நான் இத்தனை வாட் சார்ஜர்" என்று லேப்டாப்புக்கு அதன் வழியாகத்தான் தகவல் போகிறது. அந்த ஊசி வளைந்தாலோ, உள்ளே கம்பி அறுந்தாலோ, கடையில் மலிவாகக் கிடைத்த வேறு சார்ஜரைச் செருகினாலோ லேப்டாப்புக்குச் சந்தேகம் வந்து பிராசசரை மிகக் கீழான வேகத்தில் பூட்டிவிடும். அதே மாடலின் அசல் சார்ஜரை யாரிடமாவது இரவல் வாங்கிச் செருகிப் பார்ப்பதுதான் செலவில்லாத சோதனை. ஆன்லைனில் இந்தப் பூட்டைத் திறக்கும் மென்பொருள் கிடைக்கும். காரணம் சார்ஜர்தானா என்று தெரியாமல் அதைப் போடுவது சரியில்லை.

சார்ஜர் சரியாக இருந்தாலும் பேட்டரி தளர்ந்தால் வேகம் குறையலாம். கேமிங் லேப்டாப்புகள் சில, உச்ச நேரத்தில் சார்ஜரால் கொடுக்க முடியாத மிச்ச மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. பேட்டரியைக் கழற்றிவிட்டு நேரடியாக மின்சாரத்தில் ஓட்டினால் வேகம் குறைவது இதனால்தான். டச்பேட் மேலே புடைத்து நின்றாலோ, அடிமூடி பிதுங்கினாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். அன்றோடு பயன்படுத்துவதை நிறுத்திவிடுங்கள், குத்தியோ அழுத்தியோ பார்க்காதீர்கள்.

ரேமும் டிஸ்க்கும் எளிய விஷயங்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியில் இரண்டு ஸ்லாட்டில் ஒன்றுதான் பயன்படுகிறது என்று காட்டினால், இன்னொரு 8 ஜிபி போடுவது நல்ல செலவு. அளவு கூடுவது ஒரு லாபம். இரண்டு ஸ்டிக் இருந்தால் பிராசசர் இரண்டு வழியாகத் தரவை எடுப்பதால் கேமின் நடுநடுவே விழும் திடீர்ச் சரிவுகள் குறைவது அடுத்த லாபம். இந்தத் தலைமுறைக்கு டிடிஆர்4 மட்டுமே பொருந்தும். டிடிஆர்5 ஸ்லாட்டிலேயே நுழையாது. ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் இருந்தால், இந்தக் கட்டுரையில் வேறெதைச் செய்யாவிட்டாலும் அதை எஸ்எஸ்டிக்கு மாற்றிவிடுங்கள். லேப்டாப் ஹார்ட் டிஸ்க் பெரிய கோப்பை வினாடிக்கு 100 எம்பி அளவில் படிக்கும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 550 வரை போகும், என்விஎம்இ வகை பல மாடல்களில் 3,000-ஐத் தாண்டும். சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைப் படிப்பதில் வித்தியாசம் இதைவிடப் பல மடங்கு. ஆன் ஆகச் சில நிமிடம் எடுத்த லேப்டாப் அரை நிமிடத்துக்குள் வந்து நிற்பதற்கு இதுதான் காரணம். வாங்கும் முன் உங்கள் போர்டில் உள்ள எம்.2 ஸ்லாட் எந்த வகையை ஏற்கும் என்று பாருங்கள். எஸ்எஸ்டியை விளிம்பு வரை நிரப்பாமல் ஐந்தில் ஒரு பங்கு காலியாக விடுவதும் அவசியம். நிறைந்தால் எழுதும் வேகம் படுத்துவிடும்.

மென்பொருள் பக்கம் வந்தால் ஏமாற்று அதிகம். ரேமைக் காலி செய்கிறோம், ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்கிறோம், ஒரே கிளிக்கில் கேம் வேகம் கூட்டுகிறோம் என்று வரும் மென்பொருள்கள் எதுவும் வேண்டாம். ரெஜிஸ்ட்ரி சுத்தம் செய்யும் மென்பொருள்களைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. விண்டோஸைப் புதிதாகப் போடுவது நல்ல வைத்தியம்தான். ஆனால் போட்ட பிறகு, லேப்டாப் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு மென்பொருளை மறக்காமல் திரும்ப இன்ஸ்டால் செய்ய வேண்டும். ஃபேனையும் மின்சார அளவையும் தீர்மானிக்கும் சைலன்ட், பெர்ஃபார்மன்ஸ் தேர்வுகள் அதில்தான் இருக்கின்றன. அது இல்லாமல் லேப்டாப் அமைதி நிலையிலேயே தங்கிவிட, "ஃபார்மேட் அடிச்ச பிறகு இன்னும் ஸ்லோ" என்று அலைகிறவர்கள் உண்டு. கேம் உண்மையிலேயே என்விடியா சிப்பில்தான் ஓடுகிறதா, அல்லது இன்டெல்லின் உள்ளமைந்த கிராஃபிக்ஸில் ஓடுகிறதா என்பதையும் டாஸ்க் மேனேஜரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய் அந்தக் கேமுக்கு ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று குறித்துவிட்டால் சரியாகிவிடும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. 9300எச் விண்டோஸ் 11-க்குத் தகுதியானது. அதற்கு முந்தைய, 2017 காலத்து ஐ7 7700எச்க்யூ போன்றவை மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இல்லை. ஜிடிஎக்ஸ் 1050, 1060 வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி: அந்த பாஸ்கல் தலைமுறைக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். 1650 அடுத்த தலைமுறை என்பதால் தப்பித்தது. விண்டோஸ் 11-ல் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதி சில கேம்களில் எஃப்பிஎஸ்ஸைக் கொஞ்சம் குறைக்கும் என்பது உண்மை. அதே லேப்டாப்பில் வங்கிக் கணக்கும் பார்ப்பவர் அந்தச் சில ஃபிரேம்களுக்காக அதை அணைக்க வேண்டாம் என்பது என் கருத்து.

எல்லாம் சரியாக இருந்தும் புதிய கேம் ஓடவில்லை என்றால் குறை லேப்டாப்பிடம் இல்லை. 2023 செப்டம்பரில் கவுன்டர் ஸ்ட்ரைக் கோ போய் அந்த இடத்தில் கவுன்டர் ஸ்ட்ரைக் 2 வந்தபோது, அதுவரை வழுக்கிக்கொண்டு ஓடிய லேப்டாப்புகள் ஒரே இரவில் "ஸ்லோ" ஆகின. லேப்டாப்பில் எதுவும் மாறவில்லை, பழக்கப்பட்ட ஐகானுக்குப் பின்னால் இருந்த கேம் மாறிவிட்டது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும் 2025 மே மாதம் வந்த டூம் தி டார்க் ஏஜஸும் ரே ட்ரேசிங் வன்பொருள் இல்லாமல் ஓடாது. ஜிடிஎக்ஸ் 1650-ல் அந்த வன்பொருளே கிடையாது. பேஸ்ட் மாற்றினாலும் ரேம் போட்டாலும் அது வரப்போவதில்லை.

மற்ற கேம்களில் செட்டிங்ஸை அறிந்து மாற்றினால் நிறைய மீட்கலாம். எல்லாவற்றையும் ஒரேயடியாக "லோ" ஆக்குவது தேவையில்லாத தண்டனை. டெக்ஸ்சர் என்பது மெமரி அளவைப் பொறுத்தது: 4 ஜிபிக்குள் அடங்கும்வரை அதனால் வேகம் பெரிதாகக் குறையாது, நிரம்பி வழிந்த நொடியில் மிச்சம் ரேமுக்குப் போய்த் திரும்ப வேண்டியிருப்பதால், அந்த அரை வினாடி உறைதல் வரும். முன்பு சொன்ன மூன்றாவது புகாருக்குப் பல நேரம் காரணம் இதுதான். எனவே உறைந்து உறைந்து ஓடினால் டெக்ஸ்சரை ஒரு படி இறக்குங்கள். ஒரே சீராக மெதுவாக ஓடினால் நிழல், பிரதிபலிப்பு, மூடுபனி இவற்றை இறக்குங்கள். டிரைவர் அப்டேட் செய்த பிறகு முதல் சில நிமிடம் உறைவது ஷேடர்கள் மறுபடி தயாராவதால். அதைப் பொருட்படுத்த வேண்டாம். படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வசதிகளில், என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் ஆர்டிஎக்ஸ் சிப்புகளுக்கு மட்டும். ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் பல கேம்களில் ஜிடிஎக்ஸிலும் வேலை செய்யும்: குவாலிட்டி நிலையில் அது 1280 x 720 அளவில் வரைந்து 1920 x 1080-க்குப் பெரிதாக்கிக் காட்டும். எஃப்பிஎஸ் எல்லையை 60-ல் கட்டிவைத்தால் தேவையில்லாத சூடும் குறையும்.

செலவு விஷயத்தில் என் கணக்கு இது. சுத்தம் செய்வதும் பேஸ்ட்டும் எந்த நிலையிலும் செய்யத் தகுந்தவை. எஸ்எஸ்டி வீணாகாது, நாளை லேப்டாப் போனாலும் ஒரு என்க்ளோஷரில் போட்டு வெளி டிஸ்க்காக வைத்துக்கொள்ளலாம். டிடிஆர்4 ரேம் அடுத்த லேப்டாப்புக்கு அநேகமாகப் பொருந்தாது, ஆகவே இதை இன்னும் ஓரிரு வருடம் வைத்திருப்பதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். திரையில் கோடுகளும் வண்ணக் கட்டங்களும் வந்து, கிராஃபிக்ஸ் சிப் பழுது என்று உறுதியானால், சிப்பைச் சூடாக்கி உயிர்ப்பிக்கிறோம் என்ற பேச்சுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அது பெரும்பாலும் சில மாதங்களுக்குமேல் தாங்காது. பெரும்பாலான கேமிங் லேப்டாப்புகளில் கிராஃபிக்ஸ் சிப் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் அதை மட்டும் தனியே மேம்படுத்தவும் வழியில்லை. நீங்கள் ஆட விரும்பும் கேம் அந்தச் சிப்பைத் தாண்டிப் போய்விட்டதென்றால் புதியது வாங்குவதுதான் முடிவு. அப்போதும் பழையது படிப்புக்கும் பழைய கேம்களுக்கும் நன்றாகவே உழைக்கும்.

கடையில் கொடுத்துச் செய்வதாக இருந்தால், கொடுக்கும் முன் டேட்டாவை வேறிடத்தில் எடுத்து வையுங்கள். எந்தப் பேஸ்ட், எத்தனை மில்லிமீட்டர் பேட் என்று கேளுங்கள். கழற்றிய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். திரும்ப வாங்கும்போது அங்கேயே உட்கார்ந்து கேமை அரை மணி நேரம் ஓடவிட்டு, நீங்கள் எழுதிவைத்த தாளில் உள்ள எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.